பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் நிறம் ஏன்?

அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்றாம் நாள் கண்ணும் முகமும் லேசாக மஞ்சளடிக்கிறது. உடனே வீடு மூன்று கட்சியாகிவிடும். அம்மாச்சி, "காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டு, தன்னால போயிரும்" என்பார். பிள்ளையைப் பார்க்க வந்த அப்பத்தா கீழாநெல்லி பிடுங்கி வர ஆள் அனுப்புவார். ஆஸ்பத்திரியில் டாக்டரோ ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீல லைட்டுல வைக்கணும்" என்பார்.

இந்த மூன்று பேச்சுக்கும் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. மூன்று கட்சிக்காரர்களும் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. இந்த மஞ்சள் எதற்காக வருகிறது? நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு சுமார் 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் சுமார் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் வருகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதை நோய் என்று சொல்வதா, இயற்கை என்று சொல்வதா? இயற்கை என்று சொல்லிவிட்டு சும்மா இருக்கவும் முடியாது. அதே மஞ்சள் அளவு மீறினால் மூளையில் போய்ப் படிந்து, காது கேட்காமலும் கை கால் கட்டுப்பாட்டில் இல்லாமலும் ஒரு வாழ்நாளையே முடக்கிப் போடும்.

முதலில் இந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

தாயின் வயிற்றுக்குள் ஆக்சிஜன் கொஞ்சம்தான் கிடைக்கும். அதைச் சமாளிக்கக் குழந்தை நிறைய சிவப்பணுக்களை வைத்துக்கொண்டு வாழ்கிறது. வெளியே வந்து முதல் மூச்சு விட்டதும் அவ்வளவு தேவையில்லை. பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் இருக்கும் என்றால் பிறந்த குழந்தையினுடையது 80, 90 நாள்தான் தாங்கும். ஆக, பழைய அணுக்கள் மளமளவென்று உடைகின்றன. உடைந்த சிவப்பணுவில் இருக்கும் 'ஹீம்' முதலில் பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருளாகவும், பிறகு பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகவும் மாறுகிறது. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கிரிக்கெட் பந்து பட்ட தொடையைத் தினமும் பாருங்கள். முதலில் கருநீலம், அப்புறம் பச்சை, கடைசியில் மஞ்சள். அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது.

எடைக்கு எடை பார்த்தால் பிறந்த குழந்தை பெரியவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிலிருபின் தயாரிக்கிறது. அதை வெளியேற்ற வேண்டியது கல்லீரல். பிலிருபின் தண்ணீரில் கரையாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைக் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப வேண்டும். பிறக்கும்போது அந்த நொதியின் வேலைத்திறன் பெரியவர்களுடையதில் சுமார் ஒரு சதவீதம்தான். கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், வரவு இரண்டு மடங்கு, செலவு எழுத வேண்டிய ஆள் இன்னும் வேலைக்கே வந்து சேரவில்லை.

இதுவும் போதாதென்று 'சேல்ஸ் ரிட்டர்ன்' வேறு இருக்கிறது :-) கல்லீரல் கஷ்டப்பட்டு அனுப்பிய பிலிருபினைக் குடலில் உள்ள இன்னொரு நொதி பழையபடி ஆக்கிவிட, அது மறுபடி ரத்தத்துக்குள் ஏறிவிடும். பெரியவர்களின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் பிலிருபினை வேறு பொருளாக மாற்றிவிடுவதால் அவ்வளவாகத் திரும்பி வருவதில்லை. இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரிய நொதி எது என்பது 2024ல்தான் கண்டுபிடித்து வெளியிடப்பட்டது. பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருடைய குடலிலும் அது இருக்கிறது, பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகள் பலரிடம் இல்லை என்று அந்த ஆய்வு சொன்னது. நூறு வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்திருக்கிறது!

குழந்தையின் முதல் மலம், தார் மாதிரி கருப்பாக வருமே, காட்டுப்பீ என்பார்கள், அதிலேயே நிறைய பிலிருபின் இருக்கிறது. அது சீக்கிரம் வெளியேறாவிட்டால் ரிட்டர்ன் அதிகமாகும். சீக்கிரம் வெளியேற வைப்பது சீம்பால். சேனை தொட்டு வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் கொடுத்துவிட்டு, "பால் இன்னும் ஊறல" என்று முதல் இரண்டு நாள் தாய்ப்பாலைத் தள்ளிப்போடும் வீடுகளில் மஞ்சள் கூடுவதற்கு இதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், இதைக் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு பிரெஞ்சு மருத்துவர் 18ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். 1785ல் பாரிஸ் பல்கலைக்கழகம் பிறந்த குழந்தைகளின் மஞ்சள் பற்றி எழுதியதற்காக போம் என்பவருக்குப் பரிசு கொடுத்தது. முதல் மலம் தாமதமாவதே முக்கியக் காரணம், பெற்ற தாயின் பாலே மருந்து என்பது அவருடைய கட்சி. நொதியும் பாக்டீரியாவும் தெரியாத காலம் அது!

அவருக்குப் பின் வந்தவர்கள் பார்த்தது இருட்டான பக்கம். 1847ல் எர்வியோ என்ற பிரெஞ்சுக்காரர் தன் ஆய்வேட்டில், மஞ்சளோடு இறந்த 44 குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனை செய்ததில் 31 பேரின் மூளையிலும் மஞ்சள் இருந்தது என்று எழுதினார். 1875ல் ஜெர்மனியின் ஓர்த், மூளையின் உட்பகுதியில் சில இடங்களில் மட்டும் அழுத்தமாகச் சாயம் ஏறியிருந்த ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். 1903ல் ஷ்மோர்ல் அதற்குக் 'கெர்னிக்டெரஸ்' என்று பெயர் வைத்தார். மூளையின் கருப்பகுதியில் ஏறிய காமாலை என்று அர்த்தம். பெயர் வைத்தார்களே தவிர மருந்து இல்லை.

1940களில் ஒரு பெரிய காரணம் புரிந்தது. தாய்க்கு ஆர்ஹெச் நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் தாயின் எதிர்ப்புப் பொருட்கள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். முதல் குழந்தை தப்பிவிடும், அடுத்தடுத்த குழந்தைகள் மாட்டும். இப்படிப்பட்ட குழந்தையின் ரத்தத்தைத் தொப்புள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றும் முறை அந்தக் காலத்தில் பரவியது. 1968ல் வந்த ஆன்டி-டி ஊசி இந்தப் பிரச்சினையை வேரிலேயே பிடித்தது. நம்ம ஊரில் ஆர்ஹெச் நெகட்டிவ்காரர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். என்றாலும் கர்ப்பிணிக்கு ரத்த வகை பார்க்காமல் விடுவதில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கதையில் ஒரு விபத்தும் உண்டு. 1950களில் நியூயார்க்கில் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிருமி தொற்றாமல் இருக்கப் பென்சிலினோடு ஒரு சல்ஃபா மருந்தையும் கொடுத்து வந்தார்கள். நல்லெண்ணத்தில்தான். சில்வர்மேன் என்ற மருத்துவர் அதை வேறொரு ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிட்டு முறையான சோதனை நடத்தினார். 1956ல் வந்த முடிவில், சல்ஃபா கொடுக்கப்பட்ட குழந்தைகள் அதிகம் இறந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு மூளையில் மஞ்சள். காரணம் பிற்பாடு புரிந்தது. பிலிருபின் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு போகும்வரை மூளைக்குள் நுழையாது. சல்ஃபா மருந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பிலிருபினைக் கீழே தள்ளிவிட்டது. தனியே விடப்பட்ட பிலிருபின் மூளைக்குப் போய்விட்டது. குழந்தையின் உடம்பில் எவ்வளவு மஞ்சள் இருக்கிறது என்பது மட்டும் கணக்கல்ல, அது யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் கணக்கு.

அதே 1956ல், கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ரோச்ஃபோர்ட் பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் வார்ட். அவருக்கு ஒரு நம்பிக்கை. சூடான, காற்றில்லாத இன்குபேட்டரைவிட நல்ல காற்றும் வெயிலும்தான் பிள்ளைகளுக்கு நல்லது என்று. நம்ம அம்மாச்சி கட்சி! வெயில் அடிக்கும் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் உள்ளே கொண்டுவந்துவிடுவார். ஒரு நாள் தயங்கித் தயங்கி ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளுப்பு, ஒரு முக்கோண இடம் மட்டும் நல்ல மஞ்சள். எதையோ பூசியிருக்கிறார் என்று நினைத்தார்கள். விஷயம் நேர்மாறு. போர்வையின் ஒரு முனை மூடியிருந்த இடம் மட்டும் பழைய மஞ்சளோடு இருக்க, வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது.

அப்போதைக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் போயிற்று. சில வாரம் கழித்து, மஞ்சள் முற்றிய ஒரு குழந்தையின் ரத்தக் குழாய் ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோரம் வெயிலில் கிடந்துவிட்டது. அளந்தால் பிலிருபின் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு. புதிதாக எடுத்த ரத்தத்தில் பழையபடி அதிகம். இப்போதுதான் பொறி தட்டியது. கிரீமர் என்ற இளம் மருத்துவரும், பெர்ரிமன், ரிச்சர்ட்ஸ் என்ற சகாக்களும் நீல டியூப் லைட்களை வளைவாக அடுக்கி ஒரு கூடு செய்து குழந்தைகளை அதன்கீழ் கிடத்தினார்கள். 1958ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. வார்டைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டரின் பெயர் கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் இல்லை. இப்படித்தான் நடக்கும்.

அமெரிக்கா பத்து வருஷம் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1968ல் லூசி என்ற மருத்துவர் வெர்மான்ட்டில் முறையாகச் சோதனை செய்து காட்டிய பிறகுதான் நீல விளக்கு உலகம் முழுவதும் போயிற்று. வெளிச்சம் பட்டதும் பிலிருபின் மூலக்கூறு தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. மாறிய வடிவத்துக்குக் கல்லீரல் நொதியின் தயவு வேண்டாம், பித்தத்திலும் சிறுநீரிலும் நேராக வெளியேறிவிடும். அதற்கு ஏற்றது 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி. புற ஊதாக் கதிர் அதில் சேர்ந்ததல்ல. அதனால் "அந்த லைட்டு பிள்ளைய சுட்டுரும்" என்று பயப்பட வேண்டியதில்லை, கண்ணை மட்டும் மூடி வைப்பார்கள்.

அப்படியானால் அம்மாச்சி சொன்னது சரிதானே? பாதி சரி. வெயிலில் அந்த நீலமும் இருக்கிறது. கூடவே சுடும் கதிர்களும் இருக்கின்றன. சிகிச்சை என்றால் துணியில்லாத உடம்பில் மணிக்கணக்காக வெளிச்சம் பட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் இரண்டு கிலோ எடையுள்ள பிள்ளையை அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நைஜீரியாவின் லாகோஸில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். சுடும் கதிர்களை வடிகட்டும் பிளாஸ்டிக் தாளைக் கூரையாகப் போட்டு, அதன்கீழ் செவிலியர் கண்காணிப்பில் குழந்தைகளை வைத்தார்கள். மின்விளக்குக்குச் சளைக்காமல் வேலை செய்தது என்று 2015ல் முடிவு வெளியானது. மின்சாரம் நிலையில்லாத ஊருக்கு அது பெரிய விஷயம். ஆனால் அதற்கும் நம் வீட்டு வாசலில் பத்து நிமிஷம் காட்டுவதற்கும் நிறைய தூரம்.

நீல விளக்கிலும் ஒரு பிடி இருக்கிறது. பழைய டியூப்கள் மாதக்கணக்கில் எரிந்த பின் கண்ணுக்கு அதே நீலமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும் ஒளி குறைந்து போயிருக்கும். மாற்று டியூப் விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம். குழந்தை விளக்கின்கீழ் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்க, மஞ்சள் இறங்காது. இந்தத் தொல்லைக்கு ஒரு தீர்வு சென்னையிலிருந்து வந்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம், டி-ரெவ் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வடிவமைத்த 'பிரில்லியன்ஸ்' என்ற எல்.இ.டி. விளக்கைத் தயாரித்து 2012ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. எல்.இ.டி. பல வருஷம் தாங்கும், ஒளி அவ்வளவு சீக்கிரம் மங்காது. எஸ்ஸெக்ஸ் முற்றத்து வெயிலில் ஆரம்பித்த கதை சென்னைத் தொழிற்சாலை வரைக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கீழாநெல்லிக் கட்சியையும் விட்டுவிடக் கூடாது. அதற்கும் சென்னையில் ஒரு பெரிய கதை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988ல் லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி கொடுக்கப்பட்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகள் பலரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்துவிட்டது என்பது அதன் சாரம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற ஊர்களில் செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. அந்த வாதம் எப்படியும் போகட்டும், அது வைரஸால் கல்லீரல் கெட்டு வரும் காமாலையைப் பற்றியது. பிறந்த குழந்தைக்குக் கல்லீரல் கெடவில்லை, இன்னும் பழகவில்லை. இரண்டுக்கும் நிறம் ஒன்று, பெயரும் ஒன்று, அதனால் வந்த குழப்பம். தாய்ப்பால் தவிர எதுவும் இறங்கக் கூடாத வயிற்றில் பச்சிலைச் சாறு ஊற்றினால் வயிற்றுப்போக்கும் தொற்றும்தான் மிச்சம்.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். இந்த மஞ்சள் எதற்கு?

பறவைகளும் தவளைகளும் ஊர்வனவும் பெரும்பாலும் பச்சைப் பொருளோடு, அதாவது பிலிவெர்டினோடு நிறுத்திக்கொள்கின்றன. அது தண்ணீரில் கரையும், சுலபமாக வெளியேறும், விஷமும் இல்லை. பாலூட்டிகள் மட்டும் வேலைமெனக்கெட்டு, சக்தியைச் செலவழித்து, அதை மஞ்சளாக்குகின்றன. கரையாத, மூளையைக் கெடுக்கக்கூடிய பொருளாக! லாபமில்லாமல் இப்படி ஒரு செலவு ஏன்?

ஒரு விடை, நஞ்சுக்கொடி. கருவின் கழிவைத் தாய்தான் சுத்தம் செய்ய வேண்டும். கொழுப்பில் கரையும் பிலிருபின் நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் ரத்தத்துக்குப் போய்விடும், பிலிவெர்டினால் அப்படிப் போக முடியாது. முட்டையிடும் பிராணிகளுக்கு இந்தத் தேவையே இல்லை. இந்தக் கணக்குப்படி மஞ்சள் என்பது வயிற்றுக்குள் இருந்த ஏற்பாட்டின் பாக்கி. கொடியை அறுத்ததும் அம்மா செய்த வேலை திடீரென்று பிள்ளை தலையில் விழுகிறது. பிள்ளையின் கல்லீரல் பழகும்வரை சரக்கு தேங்குகிறது.

இரண்டாவது விடை 1987ல் வந்தது. ஸ்டாக்கர், ஏம்ஸ் முதலானோர் சயின்ஸ் இதழில், பிலிருபின் ஒரு வலுவான ஆன்டிஆக்சிடன்ட் என்று சோதனைக் குழாயில் காட்டினார்கள். ஆக்சிஜன் குறைவான இடத்திலிருந்து திடீரென்று வெளிக்காற்றுக்கு வரும் குழந்தையின் செல்களுக்கு அது பெரிய தாக்குதல். மற்றத் தற்காப்புகள் தயாராகும்வரை இந்த மஞ்சள் கவசமாக இருக்கலாம் என்ற யோசனை பிறந்தது. அதுவரை 'கழிவு' என்று மட்டும் எழுதப்பட்ட பொருள் அன்றிலிருந்து மரியாதை பெற்றது. 2025ல் சயின்ஸ் இதழிலேயே இன்னொரு ஆய்வு வந்தது. மலேரியா ஒட்டுண்ணி உடம்பில் இருந்தும் நோய் காட்டாதவர்களிடம் பிலிருபின் அதிகமாக இருந்தது. பிலிருபின் தயாரிக்க முடியாதபடி செய்யப்பட்ட எலிகள் மலேரியாவில் இறந்தன. அது பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் இந்தப் பொருளுக்கு உடம்பில் வேலை உண்டு என்பதற்கு நல்ல சாட்சி.

இதை எதிர்த்துக் கேட்பவர்களுக்கும் நல்ல கேள்வி இருக்கிறது. பிறந்ததும் மஞ்சளாவது அவ்வளவு நல்லது என்றால் எலிக்குட்டியும் மற்றப் பல பாலூட்டிக் குட்டிகளும் ஏன் மஞ்சளாவதில்லை? மனிதக் குழந்தையும் ரீசஸ் போன்ற சில குரங்குக் குட்டிகளும்தானே ஆகின்றன? சோதனைக் குழாயில் நடப்பது உடம்பிலும் அதே அளவு நடக்கிறது என்று யார் சொன்னது? இதற்கு இன்னும் முடிவான பதில் இல்லை. கொஞ்சம் இருந்தால் உதவி, மிஞ்சினால் விஷம் என்ற பக்கம்தான் ஆதாரம் சாய்கிறது. அமெரிக்காவில் மிகக் குறைந்த எடையோடு பிறந்த 1974 குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2008ல் வந்தது. பிலிருபினை மிகவும் கீழே இறக்கி வைத்ததில் மூளைப் பாதிப்பு குறைந்தது. ஆனால் 750 கிராமுக்கும் குறைவான மிகச் சிறிய குழந்தைகளில் இறப்பு கூடியதோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. அது மஞ்சளை இழந்ததாலா, மெல்லிய தோலில் விளக்கு அதிகம் பட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எந்த மஞ்சள் எந்த வகை என்பதுதான் வீட்டில் உள்ளவர்களுக்கு முக்கியம். சாதாரண மஞ்சள் இரண்டாம், மூன்றாம் நாள் தொடங்கி ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் தணியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தால் அது சாதாரணம் அல்ல. ரத்தம் வேகமாக உடைகிறது என்று அர்த்தம். ரத்த வகை பொருந்தாமை ஒரு காரணம், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இன்னொன்று. இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை வாசனையே ஆபத்து. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி கூடாது என்று பீரோவிலிருந்து பழைய வேட்டியை எடுத்துச் சுற்றுகிறோமே, அதில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் துவைத்து வெயிலில் காயவைக்காமல் சுற்றக் கூடாது. வெயில் இங்கே நிஜமாகவே உதவும்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஜப்பானின் கசாய் என்ற அறுவை மருத்துவர் 1950களில் உருவாக்கிய ஆபரேஷன் அதற்கு இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். "தாய்ப்பால் மஞ்சள், போயிரும்" என்று மூன்று மாதம் காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

சுகப்பிரசவம் என்றால் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் உச்சத்துக்கு வருவது அதற்குப் பிறகு. அப்போது குழந்தை, காத்துக் கருப்பு படக் கூடாது என்று ஜன்னல் சாத்திய அறையில், குண்டு பல்பு வெளிச்சத்தில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் எல்லாப் பிள்ளையும் மஞ்சள்தான், எந்தப் பிள்ளையும் மஞ்சள் இல்லை! மாநிறமும் கருப்புமான தோலில் மஞ்சளைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். தினமும் ஒரு தடவை பிள்ளையை ஜன்னலோரம் கொண்டுவந்து, மூக்கிலும் நெஞ்சிலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகியிருந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலோ, உடம்பை வில்லாக வளைத்துக் கீச்சென்று அழுதாலோ அன்றைக்கே, விடியும்வரை காத்திராமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ரத்தம் பார்க்க வேண்டும்.